முப்பத்திரண்டாவது சீட்டு

ஆங்கிலத்தில் 'த்ரோ' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பந்தைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும். எறி, வீசு, அவ்வளவுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பதிப்பாசிரியர் அதை என் மேசையில் வைத்த திங்கட்கிழமை, வெள்ளிக்குள் முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது. முப்பத்திரண்டு பொருள் தேறியது. எனக்குத் தூக்கத்தில்கூட ஏதாவது பறந்துகொண்டே இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஓர் அகராதி அலுவலகத்தில். மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. கூரைவரை மர அலமாரி, அதில் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்னப் பொந்துகள், ஒவ்வொரு பொந்திலும் ஒரு சொல்லின் சீட்டுகள். மத்தியானம் ஆனால் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, தூசியெல்லாம் இறங்க மனமில்லாமல் மிதக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் நாம் விழித்திருக்கிறோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. மனுஷன் ஒரு வாக்கியத்தையும் முடிக்க மாட்டார், மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வார். தங்கமான மனசு. ஆனால் ஒரு சட்டத்தில் மட்டும் இம்மியும் அசைய மாட்டார். உதாரண வாக்கியத்தை யாரும் சொந்தமாக இட்டுக்கட்டக் கூடாது. யாரோ ஒருவர், அகராதி என்ற நினைப்பே இல்லாமல், வாயைத் திறந்து தமிழில் சொன்ன வாக்கியமாக இருக்க வேண்டும். அதைச் சீட்டில் எழுதி, பின்பக்கம் சொன்னவர் யார், கேட்டவர் யார், தேதி என்ன என்று குறிக்க வேண்டும். சொன்ன தேதி இல்லை, நாம் கேட்ட தேதி. "சொல்றவன் ஆயிரம் சொல்லுவான், காதுல விழுந்த நாள்தான் நமக்கு நாள்" என்பார்.

இந்தச் சட்டம் எங்களை என்ன பாடு படுத்திவிட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒருத்தர் என்ன சொல்கிறார் என்று எங்கள் காதில் ஏறாது, எப்படிச் சொல்கிறார் என்பதுதான் ஏறும். எதிர் மேசைக்காரரை அவர் மனைவி இரண்டு மணி நேரம் திட்டியிருக்கிறார். மனுஷன் பதினேழு சீட்டோடு அலுவலகத்துக்குச் சந்தோஷமாக வந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் மகள் பிறந்தபோது, "தலை திரும்பிடுச்சும்மா, இனி பயமில்ல" என்று நர்ஸ் சொன்னாள். அந்த வலியிலும் நான் பென்சில் கேட்டேன்.

'த்ரோ'வுக்கு வருகிறேன். ஆங்கிலக்காரருக்கு எதையும் வீசியே பழக்கம். கல்லை வீசுவார், விருந்தை வீசுவார், குரலை வீசுவார். மரம்கூட அவர்களிடம் நிழலை வீசுகிறது. நம்மிடம் நிழல் தானாக விழுகிறது, யார்மேலும் பழி இல்லை. விருந்தை நாம் வைக்கிறோம். பார்வையை ஓட்டுகிறோம். அவர் ஒரே கையால் வீசியதையெல்லாம் நான் ஊர் முழுக்கத் தேடித் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வாரமும் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

கட்டடம் கட்டும் இடத்தில் கீழே ஒருவர் செங்கலைத் தூக்கிப் போட, மாடியில் ஒருவர் பிடிக்கிறார். செங்கல் மேலே போய், ஒரு கணம் எடையே இல்லாமல் நின்று, அப்புறம்தான் அடுத்தவர் கைக்குப் போகிறது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "மெதுவாப் போடுய்யா, நான் இன்னும் கையே நீட்டல" என்றார் மேலே இருந்தவர். ஒரு சீட்டு. மருத்துவமனை வரிசையில் கைக்குக் கட்டுப் போட்டிருந்தவர், "குதிரை என்னைக் கீழ தள்ளிட்டு அதுபாட்டுக்குப் புல்லு மேயுது சார்" என்று யாரிடமோ முறையிட்டார். இன்னொரு சீட்டு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் அறையில் இருக்கிறார். அவர் பெரிய இரும்பு லிவரைப் பிடித்து இழுத்தால் தூரத்தில் தண்டவாளம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். "முழுசா இழுங்க, பாதியில விட்டா வண்டி எங்க போறதுன்னு தெரியாம நிக்கும்" என்று உதவியாளரிடம் கத்திக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டேன். "வீட்டுல நான் பேசினா ஒரு நாளாவது எழுதியிருக்கியா?" என்றார். வீட்டில் அவர் பேசினால்தானே!

முப்பத்தொன்று கிடைத்துவிட்டது. முப்பத்திரண்டாவது மட்டும் மாட்டேன் என்றது. பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்பது. ஜெயிக்கக் கூடிய ஆள், ஜெயிக்காமல் இருப்பது. அதையும் ஆங்கிலக்காரர் வீசுவதாகத்தான் சொல்கிறார். பூங்காவில் கேரம் ஆடுகிறவர்கள் பக்கத்தில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். கால்பந்து நடுவரின் காதைக் கடித்தேன். "நாங்க எதுக்கும்மா வேணும்னு தோக்கணும்?" என்று எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம்தான் புரிந்தது. வேண்டுமென்றே தோற்றவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால் தோற்றதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். யாரும் சொல்லாத வாக்கியத்துக்கு நான் எங்கே போவது?

அந்த வாரம் இன்னொரு விஷயமும் இருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் ஓய்வு பெற்றுப் போனதில் ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடந்தது. "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள யாராவது நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க; இல்லன்னா மேலிடத்துலேர்ந்து ஒரு ஆளைத் தள்ளிவிடுவாங்க; அப்புறம் நம்ம பாடு திண்டாட்டம்தான்;" என்றார் அரைப்புள்ளி.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். நாலு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள். அத்தான் காலமாகி எட்டு வருஷம், மகள் வேறு ஊரில். போன வருஷத்திலிருந்து அக்காவுக்குக் கண் சரியில்லை. கண்ணாடி போட்டால் எழுத்து நன்றாகத் தெரிகிறது, கறுப்புத் துணியில் கறுப்பு நூல்தான் கண்ணாமூச்சி காட்டுகிறது. கடையைத் தன்னோடு தைக்கிற இன்னொரு பெண்ணிடம் விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். "நீ இங்க தனியா என்ன பண்றே, வந்துடும்மா" என்று மகள் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னிடம் கேட்டாள்:

"உங்க ஆபீஸ்ல அந்த மெய்ப்பு பாக்குற வேலைக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"

"ஏன், யாருக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். இந்த அலுவலகத்தில் ஒரே ஓர் இடத்துக்கு ஆள் எடுத்தபோது நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதினோம். பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரு சொல்லைக் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் அதன் எல்லாப் பொருளையும் எழுதச் சொன்னார்கள். 'கேட்ச்' என்ற சொல். அரை மணி நேரத்தில் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தலைவலியாம். வேலை எனக்குக் கிடைத்தது. அதிலிருந்து வீட்டில் நான் படித்தவள், அவள் தைக்கிறவள். "பரீட்சைன்னா தலைவலி வந்துடும் எங்க அக்காவுக்கு" என்று எத்தனை விசேஷங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! அவளும் கூடச் சிரிப்பாள். நாங்கள் அகராதி வெளியிட்டபோதெல்லாம் ஒரு தொகுதியை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏழு தொகுதியும் அவள் வெட்டும் மேசையில் அடுக்கியிருக்கும். துணி நகராமல் இருக்கக் கனத்துக்கு வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் அதே பரீட்சைக் கூடம். கூரை இல்லை. அக்கா தன் மேசையிலிருந்து எழுந்து எனக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறாள். பந்து மேலே போகிறது, போய் நின்றுவிடுகிறது. விழவே இல்லை. நான் கையை நீட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறேன். அக்கா வாசல் பக்கம் நடந்துகொண்டே, "பிடிச்சிட்டியா?" என்று கேட்கிறாள். பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சுற்றிலும் என் முப்பத்தொரு சீட்டுகளும் வெள்ளையாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. விழித்தபோது கன்னத்தில் பென்சில் பதிந்திருந்தது.

புதன்கிழமை, கைப்பை வார் அறுந்துவிட்டதென்று அக்கா கடைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டில் நாலு குண்டூசி. என்னைப் பார்த்ததும் மிதியை நிறுத்தி, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப் பொதியில் குத்தினாள். அப்படி அவள் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரியது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. ரொம்ப நாளா சொல்லாம வச்சிருந்தேன். அன்னைக்கு எனக்குத் தலைவலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வேணும்னேதான் விட்டுக்கொடுத்தேன்..."

எனக்குக் காது ஜிவ்வென்று அடைத்துக்கொண்டது. ஐந்து வாரம் தேடிய வாக்கியம்! பைக்குள் கையை விட்டேன். சீட்டு இருந்தது, பென்சில் அடியில் போய்விட்டது. அவள் சாக்பீஸையே எடுக்கப் போனேன், நல்லவேளை பென்சில் அகப்பட்டது.

"இரு அக்கா, இரு. 'வேணும்னுதான்'னு சொன்னியா, 'வேணும்னேதான்'னு சொன்னியா?"

அக்கா என்னையே பார்த்தாள். "வேணும்னேதான்" என்றாள்.

எழுதினேன். அவள் அதற்குப் பிறகும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் தூரத்து ரேடியோ மாதிரி வந்துகொண்டிருந்தது. நான் பின்பக்கம் சொன்னவர், கேட்டவர், புதன்கிழமை என்று குறித்துக்கொண்டிருந்தேன். "என் தங்கமே, நீ நல்லா இருப்ப" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அறுந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். வார் தைக்க வந்ததுகூட மறந்துபோய்விட்டது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அரைப்புள்ளி என் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். செங்கல், குதிரை, லிவர். ஜன்னலோர நாற்காலியில் வெயில் உட்கார்ந்திருந்தது. கடைசிச் சீட்டுக்கு வந்தார்.

"'வேணும்னேதான் விட்டுக்கொடுத்தேன்.' அடடா, கிடைக்கவே கிடைக்காதுன்னு நினைச்சேன், யாரு சொன்னது?"

"எங்க அக்கா சார்."

"எதை விட்டுக்கொடுத்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் சொன்ன தலைவலியும் சேர்ந்து விழுந்தது.

"இந்த நாற்காலியை" என்றேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை.

அரைப்புள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களா, பரீட்சைத் தாளை வாங்கினது நான்தானே, முதல் பக்கம் முழுக்க எழுதி, அப்புறம் குறுக்கே ஒரு கோடு போட்டு அடிச்சிருந்தாங்க, அந்த மாதிரி ஒரு முதல் பக்கத்தை நான் இன்னைக்கு வரைக்கும் பார்க்கல" என்றார். அந்த வாக்கியத்தை மட்டும் முடித்துவிட்டார்.

எனக்கு ரோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் நான் சொல்லிச் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தேன். மெஷினுக்கு உறை போட்டாயிற்று. ஒரு பெட்டி, ஒரு தோள்பை. அக்கா தரையில் உட்கார்ந்து அகராதித் தொகுதிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கேக்கா கிளம்பிட்ட?"

"மககிட்ட. சாயங்காலம் ஏழு மணி பஸ்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"புதன்கிழமை கேட்டேனே. அந்த ஜன்னல்கிட்ட இருக்குற நாற்காலிக்கு என் பேரைச் சொல்லுவியான்னு கேட்டேன். கன்னத்தைக் கிள்ளிட்டு ஓடிட்ட. சரி, இதுக்கு மேல என்ன பதில் வேணும்னு நினைச்சேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டி முடிக்காத அடுக்கின் மேலே இருந்த தொகுதியை எடுத்துப் பிரித்தேன். எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில், ஊசி முனை மாதிரி சின்ன எழுத்தில் பென்சில் குறிப்புகள். எங்கே பொருள் விட்டுப்போயிருக்கிறது, எங்கே உதாரணம் பொருந்தவில்லை, எங்கே அச்சுப்பிழை. எல்லாமே சரியாக இருந்தன. சில பிழைகள் என்னுடையவை.

"அக்கா, நீ சொன்னது எனக்குக் கேக்கல."

"பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன். எழுதிட்டிருந்தேன். எனக்கு அந்த வாக்கியம் தேவைப்பட்டுச்சு. அது என்ன சொல்லுதுன்னு இப்பதான், ஒரு மணிக்குத்தான்..." தொகுதியை மூடினேன். "ஏன்க்கா அப்படிப் பண்ணின?"

"உனக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"உலை வைக்கத் தெரியுமா அப்ப?"

"இப்பவே அரைகுறைதான்."

"வாய் ஒண்ணுதான் உன்கிட்ட இருந்துச்சு. இந்த வேலையும் போயிருந்தா நீ என்னடி பண்ணியிருப்ப? என் கையில தையல் இருந்தது. பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். பென்சிலைக் கடிச்சிட்டு, அழுகை வர்ற மாதிரி உக்காந்திருந்த. எழுதினதை அடிச்சிட்டு எழுந்துட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஷட்டருக்கு அடியில் தெரு முழங்கால் உயரத்துக்கு மட்டும் தெரிந்தது. செருப்புகள் போய்க்கொண்டிருந்தன.

"மணி ரெண்டாகப் போகுது. மூணு மணிக்குள்ள பேர் கொடுக்கணும்க்கா. வா."

"இப்ப நீ எனக்கு விட்டுக்கொடுக்குறியாக்கும்?"

"விட்டுக்கொடுக்க என்கிட்ட என்ன இருக்கு? கெஞ்சுறேன்."

அக்கா கயிற்றின் முடிச்சைப் பார்த்தாள். அப்புறம் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"போய்ப் பேரைக் கொடு. உனக்காக ஒண்ணும் இல்ல. ஆறாவது தொகுதியில மட்டும் நாப்பது தப்பு இருக்கு. மனுஷங்க படிக்க வேண்டாமா?"

திங்கட்கிழமை அக்கா மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை. அரைப்புள்ளி அவள் முன்னால் முதல் கட்டாக 'த்ரோ'வை வைத்தார். நான் என் மேசையில் வேலை பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மெல்ல உள்ளே வந்தது. தூசி மிதந்தது. ஒவ்வொரு சீட்டாக அவள் திருப்பினாள். குதிரைக்குச் சிரித்தாள். கடைசிச் சீட்டில் கை நின்றுவிட்டது.

எழுந்து என்னிடம் கொண்டுவந்தாள்.

"இதுல பாதிதான் இருக்கு."

"நீ அவ்வளவுதானே சொன்ன?"

"நீ எழுதினது அவ்வளவுதான்."

என் பென்சிலை வாங்கி, நான் வைத்திருந்த முற்றுப்புள்ளியை அழித்துவிட்டு, அவளே மிச்சத்தை எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஜன்னலுக்குப் போய்விட்டாள். நான் சீட்டை எடுத்துப் படித்தேன்.

'வேணும்னேதான் விட்டுக்கொடுத்தேன், ஆனா ஒரு நாள்கூட வருத்தப்படலைன்னு சொன்னா அது பொய்.'

மூன்று முறை படித்தேன். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பிறகு சீட்டைத் திருப்பி, கேட்ட தேதியில் புதன்கிழமையை அடித்துவிட்டுத் திங்கட்கிழமை என்று எழுதினேன்.